மழ வருது, சாமைய அள்ளு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலில் கடைக்காரர் பாய். வாணியம்பாடியிலிருந்து வந்து மலைமேல் எங்கள் காவலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தவர். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், போட்டோ, ஆன்லைன் மனு. அடுத்து என் சிநேகிதன். சென்னையில் கம்பெனி வேலை, மூன்று நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தான். மூன்றாவது ஆள், கண்ணமங்கலத்தைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதுவரை நான் முகம் பார்த்திராதவர். நான்காவது, சிட்டா நகல் எடுக்க வந்து, சர்வர் வரவில்லை என்பதால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட ஒரு அக்கா. ஐந்தாவது நான். வீடியோவில் நாங்கள் நான்கு பேர்தான் தெரிவோம். அக்காவின் குரல் மட்டும் கேட்கும்.

வீடியோ எடுக்கத்தான் கூடியிருந்தோம். சிநேகிதன் சின்னதாக ஒரு சேனல் வைத்திருக்கிறான். நாங்கள் பையன்களாக இருந்தபோது இதே கடையில் விளையாடிய பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று, புதுச் சாயம் பூசி, படமெல்லாம் தெளிவாக்கி, மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் போடப்போவதாகச் சொன்னான். "நீ இல்லாம எப்டிடா" என்று போனில் அவன் சொன்னதை நம்பி, சாமை மூட்டை ஏற்றவேண்டிய வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தேன். வண்டிக்குக் கை பிரேக் போட்டேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரைக் கட்ட வேண்டும். ஆட்களை அனுப்பி மரம் வெட்டி, வயல் போட்டு, கல்லும் தங்கமும் தோண்டிச் சேர்க்க வேண்டும். பிறகு படை திரட்டி எதிரியின் ஊரை அழிக்க வேண்டும். செஸ் மாதிரி நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்பது கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். நீ யோசித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவன் வெட்டிக்கொண்டே இருப்பான். எதற்கும் பயந்து சாகிற என்னைப் போன்றவனுக்கு இது எப்படிப் பிடித்தது என்று என் மனைவி கேட்பாள். பயப்படுகிறவன் தூங்க மாட்டான், சுவர் கட்டிக்கொண்டே இருப்பான், கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டே இருப்பான். அந்த விளையாட்டில் அது ஒரு திறமை.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு வேன் கிளீனராகப் போனேன். சிநேகிதன் படித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் சாயங்காலம் இரண்டு பேரும் பாய் கடையில் அடுத்தடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவோம். அப்போது தினமும் கரண்ட் போகும். போனதும் யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். ஐந்து நிமிடத்தில் மெஷினை அணைக்காவிட்டால் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும் என்று பாய் ஸ்டூலை விட்டு எழுந்து வருவார். ஒரு ஆட்டமும் முடிவுவரை போனதில்லை. அதனால் நாங்களாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். முதல் பீப் கேட்டதும் இருவரும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் யாருடைய இருப்பு அதிகமோ அவன் ஜெயித்தவன். எத்தனை படை வைத்திருக்கிறாய், யாருடைய ஊரைக் கொளுத்தினாய் என்பதெல்லாம் கணக்கில்லை. கட்டை, தானியம், கல், தங்கம். அவ்வளவுதான். அவன் படையெடுப்பான், நான் சேர்ப்பேன், கரண்ட் போகும், நான் ஜெயிப்பேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் விளையாட்டு ஊமை. ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். குதிரை ஓடும், சத்தம் வராது. அதனால் குரல் நாங்கள்தான் கொடுத்தோம். என் ஆள்மேல் நான் மவுஸை வைத்து அழுத்தினால், பக்கத்துச் சீட்டிலிருந்து சிநேகிதன் அந்த ஆளாகப் பேசுவான். "கூப்ட்டியா சாமீ? இன்னா வோணும்?" "போய் அந்த மரத்த வெட்டு." "நேத்துதான வெட்னேன், இடுப்பு வலிக்குது சாமீ." அவன் ஆட்களுக்கு நான் பேசுவேன். அவன் படை என் ஊருக்குக் கிளம்பும்போது அவனே சத்தமாகச் சொல்லிவிடுவான்: "மழ வருது, சாமைய அள்ளு." எங்கள் பக்கம் களத்தில் சாமை காய்கிறபோது மேகம் கருத்தால் தெருவே கத்துகிற கத்தல் அது. உடனே நான் வயலில் இருக்கிற ஆட்களையெல்லாம் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவேன். எதிரி சொல்லிவிட்டு வருகிற சண்டை. உலகத்தில் வேறு எங்கேயும் யாரும் அப்படி விளையாடியிருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

புது விளையாட்டை அவன்தான் எனக்கு வாங்கி அனுப்பினான். அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய். சும்மா வைத்துக்கொள் என்றான். கடன் என்று ஒன்று இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கினேன். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. மதியம் பாய் சாப்பிடப் போகிற நேரத்தில், போட்டோ வேலைக்காக அவர் புதிதாக வாங்கிய மெஷினில் விளையாடுவேன்.

அன்றைக்கு நான் போனபோது வாத்தியார் முன்னாலேயே வந்திருந்தார். அமிர்தி வழியாக மலை ஏறி, பைக்கில், விடியற்காலையில் கிளம்பி வந்தாராம். தலை இன்னும் காற்றில் கலைந்திருந்தது. அவரும் சிநேகிதனும் ஒரே டீ கிளாஸை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவர்தான்டா சொல்வனே, ஆன்லைன்ல நம்ம ஜோடி" என்றான் சிநேகிதன்.

நம்ம ஜோடி என்றான். அவன் ஜோடி என்பதைத்தான் அப்படிச் சொன்னான். எட்டு மாதமாக வாரத்தில் நான்கு நாள் இருவரும் சேர்ந்து விளையாடுகிறார்களாம். எட்டு மாதத்தில் அவன் எனக்குப் போன் செய்தது நான்கு தடவை. எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

வாத்தியார் எழுந்து கை கொடுத்தார். "உங்கள பத்தி நெறைய சொல்லியிருக்காருங்க அண்ணா."

"இன்னா சொன்னான்?"

"நீங்க சுவர் கட்டுவீங்கன்னு."

பெஞ்சிலிருந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொத்து வேலையா தம்பி?"

"இல்லக்கா. வண்டி ஓட்றேன்."

சிநேகிதன் போனைப் பசை டப்பாவில் சாய்த்துவைத்து, முதலில் பாயைப் பேசச் சொன்னான். பாய் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "பழசு பென் டிரைவ்ல அடங்கும். புதுசு என் மெஷின்ல பாதிய தின்னுடுச்சு. படம் நல்லா கீது, இல்லன்னு சொல்லல. ஆனா இந்தத் தம்பிங்க அப்ப மணிக்குப் பத்து ரூபா குடுத்தாங்க. இப்ப வந்து ஓசில ஆடுது. அதான் என் கருத்து."

வாத்தியார் பேசியது நீளம். எந்த நாட்டுப் படைக்கு என்ன பலம் ஏற்றியிருக்கிறார்கள், எதைக் குறைத்திருக்கிறார்கள், தூரத்திலிருந்து முழு ஊரையும் பார்க்க முடிவதால் ஆட்டம் எப்படி மாறியது, வேலையை வரிசையாகச் சொல்லிவைத்துவிட்டு வேறு பக்கம் போக முடிவதில் என்ன லாபம். கரும்பலகை முன்னால் நிற்பது போலவே நின்று, விரல் மடக்கிப் பேசினார். சொன்னது எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சிநேகிதன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். சின்ன வயதில் நான் ஏதாவது சொன்னால் அதே மாதிரி தலையாட்டுவான். வலது பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும்.

என் முறை வந்தது. இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை எடுத்தேன்.

"வயல்தான் எனக்குக் குறை. பழசுல வயல் கொஞ்ச நாள்ல செத்துப்போவும். திரும்பக் கட்டை செலவு பண்ணி நாமளே போடணும். மறந்தா பட்டினி. புதுசுல தானா மொளைக்குது. அப்பறம் ஊர எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? கவலையே இல்லன்னா அது இன்னா வெவசாயம்?"

அக்கா பெஞ்சிலிருந்தே சொன்னார்: "அப்டி ஒரு நெலம் இருந்தா எனக்குச் சொல்லு தம்பி. நான் சிட்டாவே எடுக்கல, அங்க போய்ட்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிநேகிதனும் சிரித்தான், தலை வலது பக்கம் சாய்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் சாய்வு எனக்கு இன்னொரு முறை வேண்டியிருந்தது.

"அப்பறம் இந்தச் சத்தம்" என்றேன். "பழசு எவ்ளோ அமைதியா இருந்துச்சு. இப்ப பாட்டு, கத்தல், ஆளத் தொட்டா அவன் பாஷைல ஏதோ பேசறான். புதுசா இதெல்லாம் சேத்துக் கெடுத்துட்டாங்க."

வாத்தியார் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. தப்பு விடை சொன்ன பையனிடம் நோகாமல் பேசுகிற குரலில், "அண்ணா, பழசுலயும் குரல் இருந்துச்சுங்களே. அதே குரல்தான். பாட்டும் இருந்துச்சு" என்றார்.

"எங்கதுல இல்ல சார்."

"எல்லாத்துலயும் இருந்துச்சுங்க."

நான் பாயைப் பார்த்தேன். பாய் கல்லாவைத் திறந்து சில்லறை எண்ண ஆரம்பித்தார். பிறகு எண்ணுவதை விட்டார்.

"அரே, இத்தினி வருசம் கழிச்சா கேக்கறது? அப்ப ஹார்ட் டிஸ்க் தம்மாத்தூண்டு. பேச்சு, பாட்டு எல்லாம் எடத்த அடைக்குதுன்னு அந்த போல்டர நான்தான் அழிச்சேன். சத்தம் போச்சேன்னு நிம்மதியா ஒக்காந்தேன். அப்பால நீங்க ரெண்டு பேரும் வாயால கத்த ஆரம்பிச்சீங்க. அதுக்கு அதுவே தேவலாம்னு ஆய்டுச்சு."

மறுபடியும் சிரிப்பு. நான் சிநேகிதனைப் பார்த்தேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"காலேஜ் ஆஸ்டல்ல கேட்டேன்டா. பர்ஸ்ட் இயர்ல."

"சொல்லவேல்லயே."

"இதப் போயி சொல்வாங்களா" என்றான், போனைத் திருப்பிக்கொண்டே.

ஆஸ்டலில் யார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான், அப்போது அவன் ஆட்களுக்கு யார் பேசினார்கள் என்று என் மூளை போய்விட்டது. அத்தனை வருடமும் நான் ஊமை விளையாட்டை நினைத்துக்கொண்டிருக்க, அவன் பேசுகிற விளையாட்டை வேறு யாருடனோ ஆடியிருக்கிறான். குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் காது சூடாகியது.

கடைசியாக ஒரு ஆட்டம் ஆடி, அதையும் வீடியோவில் சேர்ப்பதாகத் திட்டம். சிநேகிதனும் வாத்தியாரும் ஆளுக்கொரு லேப்டாப் கொண்டுவந்திருந்தார்கள். நான் பாயின் மெஷினில் உட்கார்ந்தேன். யார் யாரோடு என்ற பேச்சு வந்தது. நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நானும் சாரும் ஒரு பக்கம். நீயும் கம்ப்யூட்டரும் ஒரு பக்கம்" என்றான் சிநேகிதன். "நீதான் தனியாவே சமாளிப்பியே."

"சமாளிக்கறேன்" என்றேன்.

எனக்கு ஜோடி மெஷின். அது மட்டமாக ஆடும்படி வைக்கப்பட்டிருந்தது. ஒரு மூலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல முதல் நிமிடத்திலிருந்தே சேர்த்தேன். சுவர்மேல் சுவர் கட்டினேன். அக்கா எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

"இன்னா தம்பி, மரமா வெட்டிக்கினே கீறாங்க. பாரஸ்ட்காரங்க வர மாட்டாங்களா?"

"இதுல அவங்க கெடையாதுக்கா."

"குடுத்து வெச்ச ஊரு."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மதியம் மூன்று மணிக்கே பாய் ட்யூப்லைட் போட்டார். அந்தப் பக்கம் இருவரும் காதோடு காதாகப் பேசி ஆடினார்கள். ஒருவர் வேலையை ஆரம்பித்தால் மற்றவர் சொல்லாமலே முடித்தார். வாத்தியார் 'வடக்கு' என்பார், அவன் கை ஏற்கெனவே வடக்கில் இருக்கும். நான் என் திரையைப் பார்த்ததைவிட அவர்களைப் பார்த்ததுதான் அதிகம். அதனால்தான் குதிரைப்படை கிளம்பியதைக் கவனிக்கவில்லை.

வாத்தியார் என் பக்கம் திரும்பி, நல்ல மனசோடு, சிரித்த முகமாகச் சொன்னார்: "அண்ணா, மழை வருது, சாமையை அள்ளுங்க."

பாடப் புத்தகத்தை வாசிப்பது போல ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக இருந்தது. அள்ளுங்க என்று மரியாதை வேறு. கண்ணமங்கலத்தில் நெல்லும் கடலையும் பார்த்து வளர்ந்த மனுஷன். சாமை காய்கிற களத்தில் அவர் நின்றிருப்பாரா என்பதே சந்தேகம். அந்த வார்த்தையை அவன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். எட்டு மாதம், வாரத்தில் நான்கு நாள், இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி யார் யார் ஊரையோ கொளுத்தியிருக்கிறார்கள். வீட்டில் இருந்ததை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை, வீட்டுக்காரனே எடுத்துக் கொடுத்துவிட்டான் என்பது மாதிரி இருந்தது. நான் சிநேகிதனைப் பார்த்தேன். அவன் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

என் ஆட்களை உள்ளே இழுக்க எனக்குத் தோன்றவில்லை. குதிரைகள் சுவரை இடிக்க ஆரம்பித்தன.

அப்போது நிஜமாகவே மழை வந்தது. தகரத்தின்மேல் கல்லைக் கொட்டிய மாதிரி விழுந்து, அடுத்த நிமிடம் கரண்ட் போனது. ட்யூப்லைட் அணைந்தது. மேஜைக்கு அடியில் யுபிஎஸ் கத்தியது.

யோசித்துச் செய்யவில்லை. என் இரண்டு கையும் தானாக மேலே போய்விட்டன. திரும்பிப் பார்த்தால், சிநேகிதனின் கைகளும் காற்றில் நின்றன. பேட்டரியில் ஓடுகிற லேப்டாப் அது. கரண்ட் போனதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாயின் மெஷினும் நெட் பெட்டியும் மட்டும்தான் யுபிஎஸ்ஸில் ஓடின. ஆனாலும் இரண்டு பேரும் துப்பாக்கி காட்டப்பட்டவர்கள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யுபிஎஸ் நான்கு தடவையோ ஐந்து தடவையோ கத்தியிருக்கும். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

வாத்தியார் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். "என்னங்க ஆச்சு? உள்ள வாங்க, சுவர் விழுந்துடுச்சு" என்றார்.

அவன் கையைத் திரும்பக் கீழே இறக்கினான். இறக்கி, விளையாடினான். நான் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் ஊர் எரிவதைப் பார்த்தேன்.

"கட்டை நாலாயிரத்தி எறநூறு" என்றேன். "தானியம் ஆறாயிரம். ஒங்க ரெண்டு பேர்து எவ்ளோ?"

வாத்தியார் சிரித்தார். "எதுக்குண்ணா? உங்க ஊரே போய்டுச்சு."

"நான் ஜெயிச்சுட்டேன் சார்."

"எப்படிங்க?" அவர் சிநேகிதனைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தச் சட்டத்தை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு மாதத்தில் குரலைக் கொடுத்திருக்கிறான், கத்தலைக் கொடுத்திருக்கிறான், இதைக் கொடுக்கவில்லை. அவன் வாயையே பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவானோ என்றிருந்தது. சொல்லிவிட்டால் அதுவும் அவர்களுடையதாகிவிடும்.

"ஒண்ணுமில்ல சார்" என்றான். "சும்மா சொல்றான்."

வாத்தியார் விட்டுவிட்டார். அக்கா, "கரண்ட்டும் பூச்சு. இனிமே எங்க சிட்டா வரும்" என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழை விடக் காத்திருந்தார். பாய் அணை, அணை என்று என் தோளைத் தட்டினார். நான் மெஷினை அணைத்தேன். ஊரே எரிந்து தோற்றவனுக்குச் சந்தோஷம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் என்னால் விளக்க முடியாது. வீட்டுக்கு நனைந்துகொண்டே நடந்து போனேன்.

வீடியோ ஒரு மாதம் கழித்து வந்தது. வாத்தியார் ஏழு நிமிடம் பேசுகிறார். நான் ஒன்றே முக்கால் நிமிடம். தானாக முளைக்கிற வயலைப் பற்றிச் சொன்னது மட்டும் இருக்கிறது. அக்காவின் குரலும் கூட. ஊமை விளையாட்டைப் பற்றிய என் பேச்சை வெட்டிவிட்டான். எனக்கு அவமானம் ஆகக் கூடாது என்றா, வாத்தியாரின் நேரம் குறையக் கூடாது என்றா, தெரியாது. அடியில் யாரோ ஒருவர், வயல் விஷயத்தில் அந்த வண்டிக்காரர் சொல்வது சரி என்று எழுதியிருந்தார். அதை அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். வாத்தியாரைப் பாராட்டி எழுதியவர்கள் எத்தனை பேர் என்றும் பார்ப்பேன். ஆட்டம் வருகிற இடத்தில், கரண்ட் போனதும், யுபிஎஸ் கத்துவது கேட்கிறது. அதை அவன் வெட்டவில்லை. அது என்ன சத்தம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவன் பதில் போடவில்லை.

அவர்கள் இன்னும் ஜோடியாகத்தான் ஆடுகிறார்கள். எனக்கு அவன் போன் செய்வதில்லை. ஆனால் நான் பணம் அனுப்பினால், அனுப்பிய பத்து நிமிடத்துக்குள் பதில் வரும். 'வந்துச்சுடா' என்று ஆரம்பித்து, வண்டி எப்படி ஓடுது, புளி விலை என்ன, அங்கே குளிரா என்று இரண்டு மூன்று வரி எழுதுவான். நானும் எழுதுவேன். அரை மணி நேரம் ஓடும். அதற்காகத்தான் மாதம் ஐம்பது, ஐம்பதாக அனுப்பினேன். மொத்தமாக அனுப்பினால் தீர்ந்துவிடுமே தம்பி, ஏன் இப்படி இழுக்கிறாய் என்று பாய் கேட்டபோது, வண்டி வருமானம் அவ்வளவுதான் என்று சொன்னேன். பொய். புளி சீசனில் ஒரே லோடில் தீர்த்திருப்பேன்.

பதினொரு தடவை அனுப்பியாகிவிட்டது. இந்த மாதம் அனுப்பவில்லை. போன மாதமும் அனுப்பவில்லை. கடன் வைத்துக்கொண்டு தூங்குவது எனக்கு இதுதான் முதல் தடவை. தூக்கம் வரத்தான் செய்கிறது. அனுப்பினால் இன்னும் இரண்டே தடவை, பிறகு அவன் எதற்கு எனக்கு எழுதப்போகிறான் என்று நினைக்கும்போதுதான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

பாக்கி தொண்ணூற்றொன்பது ரூபாய்.